அவர்கள் மறைந்துபோகவில்லை

அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். செங்குத்தான பாறைச் சரிவு; அதன் நடுவே வாய் பிளந்தாற்போல் பெரிய குடைவு; குடைவுக்குள் மணற்கல்லால் கட்டிய வீடுகளும் கோபுரங்களும் அடுக்கடுக்காக. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மேசா வெர்டே தேசியப் பூங்காவில் இருக்கும் ‘கிளிஃப் பேலஸ்’ அது. வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளில் இந்தப் படத்தோடு பெரும்பாலும் ஒரே வாசகம்தான் வரும்: ஒரே இரவில் மாயமான மர்ம மக்கள்!

காணொளி தயாரிப்பவர்களை மட்டும் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் அறிவியல் கழகத்தில் படிவம் 2 மாணவர்களுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசியபோது, நானும் இதே படத்தைத் திரையில் போட்டேன். “மழை பொய்த்தது, ஒரு நாகரிகமே மறைந்துவிட்டது” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்திற்குப் போய்விட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள். “மறைஞ்சிட்டாங்கன்னா செத்துட்டாங்களா டீச்சர், இல்ல வேற ஊருக்குப் போயிட்டாங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். தேடிய பிறகு தெரிந்தது, அன்று நான் சொன்ன ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருந்தன. முதல் தவறு, ‘மறைந்துவிட்டது’. இரண்டாவது, ‘மழை பொய்த்தது, ஆகவே’ என்பது.

முதலில் அந்த மக்கள் யார் என்று பார்த்துவிடுவோம். ‘புவெப்லோ’ என்பது ஸ்பானிய மொழியில் ஊர் என்று பொருள்படும் சொல். கொலராடோ, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய 4 மாநிலங்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும் வறண்ட மேட்டுநிலத்தில், சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டு, வான்கோழி வளர்த்து வாழ்ந்தவர்கள். (இங்கே சோளம் என்றால் நாம் பாசார் மாலாமில் அவித்து வாங்கும் மக்காச்சோளம்.) பழைய புத்தகங்களில் இவர்களுக்கு ‘அனசாசி’ என்று பெயர். அது அண்டை இனமான நவஹோ மக்களின் சொல். ‘பகைவரின் முன்னோர்’ என்பது போன்ற பொருள் கொண்டது. இன்றைய புவெப்லோ மக்கள் அந்தப் பெயரை விரும்புவதில்லை. ஆகவே ‘பண்டைய புவெப்லோ மக்கள்’ என்றே சொல்வோம்.

இன்றைய புவெப்லோ மக்கள் என்று எழுதிவிட்டேன் அல்லவா? ஆம், இருக்கிறார்கள். நியூ மெக்சிகோவில் 19 புவெப்லோ ஊர்கள் இன்றும் தங்கள் சொந்த நிர்வாகத்தோடு இயங்குகின்றன. அரிசோனாவில் ஹோப்பி ஊர்கள் இருக்கின்றன. டெக்சாசில் இன்னும் ஒன்று. மாணவியின் கேள்விக்கு விடை இந்த மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஏன் போனார்கள், எப்படிப் போனார்கள், போன இடத்தில் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

மேசா வெர்டே பூங்காவுக்குள் மட்டும் ஏறக்குறைய 5,000 தொல்லியல் இடங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் பாறைக் குடைவு வீடுகள் சுமார் 600தான். அந்த 600இலும் முக்கால் பங்கு, 1 முதல் 5 அறைகள் மட்டுமே கொண்ட சிறிய கட்டடங்கள். 150 அறைகள் கொண்ட கிளிஃப் பேலஸ் ஒரு விதிவிலக்கு. மக்கள் அந்த மேட்டில் 700 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள்; பாறைக் குடைவுகளில் வீடு கட்டியதோ 1190களில் தொடங்கி 1270களின் இறுதிவரை, 100 ஆண்டுக்கும் குறைவு. கடைசி அத்தியாயத்தின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கதையும் இதுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்கு முன் அவர்களுடைய வீடு எப்படி இருந்தது? தொடக்கத்தில் பாதி தரைக்குள் தோண்டிய குழி வீடுகள். 8ஆம் நூற்றாண்டளவில் தரைக்கு மேல் வரிசையாக அறைகள் கட்டத் தொடங்குகிறார்கள். பிறகு ஓர் அமைப்பு நிலைபெறுகிறது: வடக்கே ஒரு வரிசை அறைகள், அதற்குத் தெற்கே ‘கிவா’ எனப்படும் வட்டமான நிலத்தடி அறை, அதற்கும் தெற்கே குப்பைமேடு. ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் இந்த அலகு, சோளக் காடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். இப்படிப் பல அலகுகள் சேர்ந்தால் ஒரு சமூகம். எல்லாரும் கூடுவதற்கு எங்காவது ஒரு பெரிய கிவா இருக்கும். மரமும் மண்ணும் கொண்டு கட்டிய தொடக்ககால வீடுகள் ஒரு தலைமுறைக்குமேல் தாங்கவில்லை. நிலம் களைத்தது, விறகு தீர்ந்தது, வீடு உளுத்தது என்றால் கிளம்பிப் போய் வேறோர் இடத்தில் கட்டிக்கொள்வார்கள். ஊர் மாறுவது அவர்களுக்குப் புதிதே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிவாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அறிவியல் ஆசிரியையாக எனக்கு அது பிடித்துப்போன பகுதி. அறை நிலத்துக்கடியில். நுழைவாயில் கூரையின் நடுவில் ஒரு துளை, அதன் வழியே ஏணி. ஏணிக்குக் கீழே அடுப்பு. புகை எப்படி வெளியேறும், மூச்சுமுட்டாதா? சுவரோரமாக ஒரு செங்குத்துக் காற்றுக்குழாய் தரைமட்டம் வரை இறங்கி அறைக்குள் திறக்கிறது. அடுப்பின் சூட்டில் அறைக்காற்று விரிந்து, எடை குறைந்து, புகையோடு கூரைத்துளை வழியே மேலேறும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த புதுக்காற்று குழாய் வழியே தானாக உள்ளே வரும். வரும் காற்று நேரே அடுப்பில் மோதி நெருப்பைக் கலைக்காமலிருக்க, குழாய் வாய்க்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு தடுப்புக் கல். வெப்பச் சலனம் என்று நாம் பாடத்தில் அம்புக்குறி போட்டு விளக்குவதை, மின்விசிறியில்லாமல் வீட்டுக்கு வீடு நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அடுப்புக்கு அப்பால் தரையில் ஒரு சிறு குழியும் இருக்கும். முன்னோர்கள் பூமிக்குள்ளிருந்து இவ்வுலகுக்கு ஏறிவந்த வழியை அது குறிக்கிறது. கிவா வசிப்பிடமும் வழிபாட்டிடமும் சேர்ந்த ஒன்று. இன்றைய புவெப்லோ ஊர்களிலும் கிவாக்கள் சடங்குகளுக்குப் பயன்பாட்டில் உள்ளன.

1250ஐ ஒட்டிக் காட்சி மாறுகிறது. சிதறியிருந்தவர்கள் நெருங்கி வருகிறார்கள். பள்ளத்தாக்குகளின் தலைப்பகுதியில், ஊற்று இருக்கும் இடத்தைச் சுற்றி ஊர் கட்டி, சுற்றுச்சுவரும் கோபுரங்களும் எழுப்புகிறார்கள். பாறைக் குடைவுகளுக்குள் போனதும் இந்தக் காலத்தில்தான் அதிகம். குடைவுக்குள் ஊற்று எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மழைநீரும் பனிநீரும் மணற்கல்லுக்குள் ஊறி இறங்கும். கீழே நீர்புகாத களிப்பாறை அடுக்கு தடுக்கும். தடுக்கப்பட்ட நீர் பக்கவாட்டில் கசிந்து வெளியேறும். அந்தக் கசிவுதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையை அரித்துக் குடைவையே உண்டாக்கியது. வெயில் கணக்கும் உண்டு. நமக்குச் சூரியன் ஆண்டு முழுதும் ஏறக்குறைய தலைக்கு மேல். மேசா வெர்டேயில் கோடை நண்பகலில் 76 பாகை உயரத்திலும், குளிர்கால நண்பகலில் 30 பாகைக்கும் குறைவாகவும் நிற்கும். தெற்கு, தென்மேற்கு நோக்கிய குடைவுக்குள் குளிர்காலத்து வெயில் உள்ளே விழும். கோடையில் பாறையே குடை பிடிக்கும்.

ஆனால் வெயிலுக்கும் தண்ணீருக்கும் மட்டுமே யாரும் சுவரும் கோபுரமும் கட்டுவதில்லை. காசல் ராக் என்ற சிற்றூரில் 1280ஐ ஒட்டி ஒரு தாக்குதல் நடந்திருக்கிறது. அகழாய்வில் கொல்லப்பட்ட பலரின் எலும்புகள் கிடைத்தன. மக்கள் ஒருவரையொருவர் அஞ்சியிருக்கிறார்கள். இதை மறைத்து, பண்டைய மக்கள் எல்லாரும் அமைதியின் வடிவம் என்று எழுதுவதும் எனக்கு ஒப்பாது.

இப்போது வறட்சிக்கு வருவோம். 1276 முதல் 1299 வரை அங்கே கடும் வறட்சி நிலவியது உண்மை. ஆண்டுக்கணக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் மரவளையங்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் ஒடுக்கமாகவும் உருவாகும். (நம் நாட்டு மரங்களை வெட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். குளிர்காலமோ நீண்ட வறட்சிப் பருவமோ இல்லாத இடத்தில் பெரும்பாலான மரங்களில் தெளிவான ஆண்டு வளையம் விழுவதில்லை. நான் ஒருமுறை மாணவர்களோடு முயன்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.) இந்த முறையை உருவாக்கிய ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகள் பூமியின் பருவநிலையைப் பாதிக்கின்றனவா என்று அறிய மரங்களை எண்ணத் தொடங்கியவர். அவர் கையில் இரண்டு வரிசைகள் இருந்தன: உயிருள்ள மரங்களிலிருந்து பின்னோக்கிச் செல்லும் ஒன்று, இடிபாடுகளின் உத்தரங்களிலிருந்து கிடைத்த, எந்த ஆண்டு என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்த 585 ஆண்டு வரிசை மற்றொன்று. 1929 ஜூன் 22ஆம் நாள், அரிசோனாவின் ஷோ லோவில் கண்டெடுத்த கருகிய ஒரு உத்தரம் இரண்டையும் இணைத்தது. இடிபாடுகளுக்கெல்லாம் ஒரே நாளில் வயது தெரிந்தது.

இதில் பலர் சொல்லாமல் விடும் ஒரு செய்தி இருக்கிறது. முதல் வரிசையை 13ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கி நீட்ட உதவியவை, ஒராய்பி என்ற ஹோப்பி ஊரின் உத்தரங்கள். மக்கள் அப்போதும் குடியிருந்த ஊர்; இன்றும் குடியிருக்கும் ஊர். ‘மறைந்த’ மக்களின் வீடுகளுக்கு ஆண்டு கண்டுபிடிக்க, மறையாத மக்களின் ஊர் தேவைப்பட்டிருக்கிறது. அப்படியும் மர்மம் என்ற சொல் நம்மை விட்டு அகலவில்லை.

சரி, வறட்சிதான் அவர்களை விரட்டியதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இதே மரவளையங்கள் 1130 முதல் 1180 வரை ஏறக்குறைய 50 ஆண்டுகள் நீடித்த இன்னொரு வறட்சியையும் காட்டுகின்றன. அப்போது மேசா வெர்டே காலியாகவில்லை. அதைவிடக் குறுகிய வறட்சியில் காலியானது என்றால், நடுவில் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும். கார்லா வான் வெஸ்ட் என்ற ஆய்வாளர் மண்வகையையும் மரவளையத் தரவுகளையும் கணினியில் இணைத்து, ஆண்டுவாரியாக எவ்வளவு சோளம் விளைந்திருக்கும் என்று 1990களில் கணக்கிட்டார். வறட்சி ஆண்டுகளிலும் கணிசமான மக்களுக்குப் போதுமான விளைச்சல் சாத்தியம் என்று அது காட்டியது. அதாவது, எல்லாருமே போயாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் எல்லாரும் போனார்கள். வறட்சி தொடங்கும் முன்பே கிளம்பியவர்களும் உண்டு.

ஏன் என்பதற்கான என் கருத்தைச் சொல்கிறேன். இதில் எல்லா ஆய்வாளர்களும் ஒத்துப்போவதில்லை. விடை அவர்கள் கட்டிய ஊர்களின் அமைப்பிலேயே இருக்கிறது. மாணவர்களுக்கு நான் இப்போது இதை ஒரு வகுத்தல் கணக்காகவே கொடுக்கிறேன். 1250ஐ ஒட்டி மேசா வெர்டே பகுதியில் எழுந்த பேரூர்களில் ஒன்று சாண்ட் கேன்யன் புவெப்லோ. அறைகள் 400க்கு மேல். கிவாக்கள் ஏறக்குறைய 90. வகுத்தால், 4 அல்லது 5 அறைக்கு ஒரு கிவா. இப்போது தெற்கே, மக்கள் குடிபெயர்ந்த ரியோ கிராண்டே ஆற்றுப் பகுதிக்கு வாருங்கள். அங்கே பேண்டலியர் பூங்காவில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்ட டியுவோன்யி என்ற ஊர். அறைகள் ஏறக்குறைய 400. நடுவில் திறந்தவெளி முற்றம்; அதில் 3 கிவாக்கள். 130 அறைக்கு ஒன்று.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாண்ட் கேன்யனில் எல்லாரும் ஒரே சுவருக்குள் வந்துவிட்டார்கள், ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் கிவாவையும் தூக்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் வசித்தார்களே தவிர, ஒன்றாக வாழும் முறை இன்னும் உருவாகவில்லை. நெருக்கடி வந்தபோது அந்த ஊர் 30 ஆண்டுகூடத் தாங்கவில்லை. டியுவோன்யியில் வீடுகள் முற்றத்தைப் பார்த்து நிற்கின்றன. சடங்கு குடும்பத்தின் கையிலிருந்து ஊரின் கைக்கு மாறியிருக்கிறது. அல்ஃபோன்சோ ஆர்டிஸ் என்ற மானிடவியலாளர், தாமே டேவா மொழி பேசும் புவெப்லோ ஊரில் பிறந்தவர், 1969இல் ‘டேவா உலகம்’ என்ற நூலில் அந்த ஊர்களின் ஏற்பாட்டை விவரித்திருக்கிறார். ஊர் முழுதும் கோடை மக்கள், குளிர்கால மக்கள் என்று இரு பாதி. ஆண்டின் ஒரு பகுதியில் ஒரு பாதியின் தலைவர் பொறுப்பேற்பார்; மறுபகுதியில் மற்றவர். குடும்பத்துக்கு மேலே, ஊரையே கட்டி நிறுத்தும் ஏற்பாடு அது. ஹோப்பி ஊர்களில் வேறு முறை, தாய்வழிக் குலங்கள். வறட்சி ஒரு தள்ளுதல் என்றால், தெற்கே உருவாகிக்கொண்டிருந்த இந்தப் புதிய வாழ்முறை ஓர் ஈர்ப்பு. பழைய ஊர்களின் சண்டையும் அச்சமும் பார்த்த மக்கள், பழைய கட்டட முறையையும் பானை வடிவங்களையும் பெரிதும் விட்டுவிட்டே போனார்கள். அதனால்தான் தொல்லியலாளர்கள் நெடுங்காலம் அவர்களைத் தேடி அலைந்தார்கள். அதே பானை தெற்கே கிடைக்கவில்லையே என்று.

கடைசியில் காட்டிக்கொடுத்தவை வான்கோழிகள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மேசா வெர்டே பகுதியின் பழைய வான்கோழி எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ரியோ கிராண்டே பகுதியின் எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். 1280க்குப் பிறகு தெற்கே வாழ்ந்த வான்கோழிகள் வடக்கத்தி மரபை ஒத்திருந்தன. அதற்கு முன்பு அப்படி இல்லை. பானையை விட்டுப் போகலாம், வளர்த்த கோழியை விட்டுப் போக மனம் வருமா?

இதெல்லாம் சரி டீச்சர், 700 ஆண்டுக்கு முந்திய கதையில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏன் இவ்வளவு நீட்டுகிறீர்கள் என்று கேட்கலாம். அந்தச் சொல்லால் இழப்பு நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1891இல் மேசா வெர்டேயில் அகழ்ந்த குஸ்தாவ் நோர்டன்ஷோல்ட் எடுத்துச் சென்ற பொருள்கள் பின்லாந்து அருங்காட்சியகத்துக்குப் போயின. மனித எலும்புகளும் அதில் அடக்கம். 20 பேரின் எச்சங்களும் அவர்களோடு புதைக்கப்பட்ட 28 பொருள்களும் 2020இல்தான் வழித்தோன்றல்களிடம் திரும்பி வந்தன. மக்கள் மறைந்துவிட்டார்கள் என்றால், எலும்பைத் திருப்பிக் கேட்க யாரும் இல்லை என்றுதானே பொருள்? 2017இல் சாக்கோ பள்ளத்தாக்கின் புவெப்லோ பொனித்தோ மாளிகையில் புதைக்கப்பட்டவர்களின் டிஎன்ஏ ஆய்வு வெளிவந்தது. தலைமை தாய்வழியாகச் சென்றிருக்கலாம் என்ற வியப்பான முடிவு. ஆனால் வழித்தோன்றல் சமூகங்களைக் கலந்துகொள்ளாமல் செய்த ஆய்வு என்று கடும் கண்டனமும் எழுந்தது. முடிவு சுவையானது என்பதற்காக அந்தக் கண்டனத்தை அடிக்குறிப்பாகத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

2025இல் நேர்மாறான ஒன்று நடந்தது. நியூ மெக்சிகோவின் பிக்குரிஸ் புவெப்லோ மக்கள் தாங்களே மரபணு ஆய்வாளர்களை அழைத்தார்கள். எதை ஆராய்வது, எப்போது நிறுத்துவது என்ற அதிகாரம் ஊரிடம் இருந்தது. இன்றைய ஊர்மக்கள் 13 பேரின் டிஎன்ஏவும் முன்னோர்கள் 16 பேரின் டிஎன்ஏவும் ஒப்பிடப்பட்டு, ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது: சாக்கோ மக்களோடு அவர்களுக்கு உறவு உண்டு. பாட்டன் வழியாகக் கேட்ட கதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் சாக்கோவைச் சுற்றி எண்ணெய், எரிவாயு எடுப்பது பற்றிய வாதத்தில் தங்கள் குரலுக்கு எடை வேண்டும் என்று விரும்பினார்கள். 2023இல் அமெரிக்க உள்துறை, சாக்கோவைச் சுற்றி 10 மைல் தொலைவுக்குள் புதிய குத்தகைகளை 20 ஆண்டுக்கு நிறுத்தி வைத்தது. நவஹோ மக்களில் பலர் அதனால் தங்கள் வருமானம் போகிறது என்று எதிர்க்கிறார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த உத்தரவில் கையெழுத்திட்ட அமைச்சர் டெப் ஹாலண்ட், லகூனா புவெப்லோவைச் சேர்ந்தவர்.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர்களே, அந்தக் காணொளி அடுத்த முறை உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அனுப்பிவிடுவதற்கு முன் ஒரு நிமிடம் பிள்ளையை அழைத்து 400ஐ 90ஆல் வகுக்கச் சொல்லுங்கள், பிறகு 3ஆல். நான் என் பங்குக்கு அந்தப் படவில்லையை மாற்றிவிட்டேன். கிளிஃப் பேலஸ் படம் இருக்கிறது. கீழே இருந்த வரி போய், அதற்குப் பதிலாக ஒரு வரைபடமும் தெற்கு நோக்கிய அம்புக்குறிகளும் வந்திருக்கின்றன. அதைக் காட்டிய அன்று, அதே மாணவி மறுபடி கையைத் தூக்கினாள். கிளம்பும்போது கிவாவின் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்களா, அங்கேயே விட்டுவிட்டுப் போனார்களா என்று கேட்கிறாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.